மூன்று வரியும் இரண்டு தம்ரூட் பெட்டியும்

நான் எழுதிய லைப்ரரிக்கு ‘லேசு’ என்று பெயர் வைத்தேன். லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கி வைக்கிற இடமில்லை. ஒருவர் எழுதிய கணினி நிரலை மற்றவர்களும் எடுத்துத் தங்கள் வேலைக்குப் பொருத்திக்கொள்ளும்படி கட்டி வைத்திருந்தால், எங்கள் தொழிலில் அதற்கு அந்தப் பெயர். இதை அரியலூரில் எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு இரண்டு முறை விளக்கியிருக்கிறேன். மூன்றாவது முறை அவரே என்னைப் பிடித்துக்கொண்டு, “லைப்ரரி ஆரம்பிச்சிருக்கீங்களாமே, வாரப் பத்திரிகையெல்லாம் வருமா?” என்று கேட்டார். வராது என்று மட்டும் சொன்னேன்.

என் கணவருக்குப் பெரம்பலூரில் பள்ளிக்கூட வேலை. இயற்பியல் ஆசிரியர். காலையில் அவர் பஸ் ஏறிப் போனதும் வீடு என் ஆபீஸ் ஆகிவிடும். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, சின்னச் சின்னக் கடைகளுக்கு இணையத்தில் கடை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு வழியாகத்தான் சிமெண்ட் லாரிகள் போகும். காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது பணம் வாங்குகிற பகுதிதான்.

இணையக் கடையில் ஒருவர் பொருள் வாங்கினால், கடைக்கும் வங்கிக்கும் நடுவில் ஒரு கம்பெனி நின்று பணத்தை வாங்கிக் கொடுக்கும். அந்தக் கம்பெனியோடு கடையை இணைக்க ஒரு கையேடு தருவார்கள். படிக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு பக்கமும் இன்னும் நாலு பக்கத்தைப் பார்க்கச் சொல்லும். வாடிக்கையாளர் யார் என்பதற்கு மட்டும் ஒரு தனி அத்தியாயம். பணம் கொடுப்பவர் யார், பொருளைப் பெறுபவர் யார், யார் பெயரில் ரசீது, எந்த முகவரிக்கு எது என்று வகை வகையாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கடைக்கு ஒரு வாரம் என்று என் ஆயுள் அதிலேயே கரைந்துகொண்டிருந்தது.

ஒருநாள் கோபம் வந்து எல்லாவற்றையும் சுருக்கினேன். வாடிக்கையாளரைச் சேர், பணம் வாங்கு, வேண்டாமென்றால் திருப்பிக் கொடு. மூன்றே கட்டளை, மூன்றே வரி. வாடிக்கையாளருக்கு அடையாளம் அவருடைய போன் நம்பர். ஒரு நம்பர், ஒரு ஆள், ஒரு முகவரி. எழுதி முடித்தபோது, நானே ஒரு புது மொழி கண்டுபிடித்துவிட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் காட்டினேன். கையேட்டை அவரும் பார்த்திருக்கிறார். அது பல நாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

“மூணு வரிதானா?”

“மூணே வரி.”

“அப்ப மிச்சப் பக்கத்துல எல்லாம் என்னதான் எழுதியிருக்கான்?”

“வெட்டிப் பேச்சு” என்றேன்.

“சரி” என்றார். கணக்கைத் தப்பாகப் போட்ட மாணவனிடமும் அவர் அப்படித்தான் ‘சரி’ சொல்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

லேசுவை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டேன். பிடித்தவர்கள் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். தினமும் போய்ப் பார்த்தேன். நாலாம் நாள் ஒரு நட்சத்திரம் விழுந்திருந்தது. அன்றைக்கெல்லாம் கால் தரையில் படவில்லை. யாரோ முகம் தெரியாத ஒருவர், எங்கேயோ ஒரு தேசத்தில், என் மூன்று வரியின் அருமையைப் புரிந்துகொண்டிருக்கிறார். சாயங்காலம் கணவர், “நட்சத்திரம் வந்துச்சா? அத எப்படிப் போடறதுன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு பீரியடே ஆயிடுச்சு” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பெரம்பலூரில் சொந்தத் தொழில் செய்யும் பெண்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. இணையத்தில் விற்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் லேசுவைப் பற்றியே பேசினேன். கேள்வி கேட்கலாம் என்றதும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. முக்காட்டுக்கு மேலே மூக்குக்கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார்.

“நான் லப்பைக்குடிக்காட்டுலேர்ந்து வரேங்க. தம்ரூட் போட்டு விக்கிறேன். காசு குடுக்கறவங்கள்லாம் துபாய்லயும் குவைத்துலயும் சபர்ல இருக்காங்க. தின்னுறவங்க இங்க இருக்காங்க. இதுக்கு உங்க மூணு வரி ஒத்து வருமா?”

சபர் என்றால் அவர்கள் பேச்சில் வெளிநாட்டுப் பிழைப்பு. ரவையும் பாலும் நெய்யும் முட்டையும் கலந்து தணலில் வேகவைத்து எடுக்கிற தம்ரூட் எனக்கும் பிடிக்கும். நான் தம்ரூட்டைத்தான் நினைத்தேன். கேள்வியை நினைக்கவில்லை.

“எல்லாத்துக்கும் ஒத்து வரும்க்கா” என்றேன்.

இன்றுவரை அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். முழுச் சிக்கலையும் அவர் இரண்டு வாக்கியத்தில் என் கையில் கொடுத்துவிட்டார். நான் அதைக் கீழே வைத்துவிட்டு மனதுக்குள் ஒரு துண்டு தம்ரூட்டை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அதுவரை ஆர்டரெல்லாம் அவருக்குப் போனில் குரல் பதிவாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

“இவரு என் வூட்டுக்காரரோட ரூம்ல தங்கியிருக்காரு. இவரு சம்சாரத்துக்கு முந்திரி கூடப் போடணும். இவரு மாமியாருக்குப் பல்லு இல்ல, முந்திரியே ஆகாது. இந்தப் பையன் அக்காவுக்கு அனுப்புனா தங்கச்சிக்கும் அனுப்பணும், இல்லாட்டி அந்தப் புள்ள மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்.”

“இவ்வளவையும் நீங்க மனசுலயே சுமக்கணுமாக்கா? இனிமே எல்லாத்தையும் மிஷின் பாத்துக்கும்.”

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். கடை தயாரானது. ஜெயங்கொண்டம் முந்திரி போட்டது, போடாதது, அரைக்கிலோ, ஒரு கிலோ. பெட்டியோடு சீட்டு வைக்க விரும்பினால் நாலு வரி எழுதலாம். அந்தச் சீட்டையும் முகவரி ஸ்டிக்கரையும் அச்சடிக்க ஒரு சின்ன பிரிண்டர் வாங்க வைத்தேன். முதல் ஆர்டர் அபுதாபியிலிருந்து வந்தபோது, அவர் போன் பண்ணி, “மாஷா அல்லா, தங்கச்சி, தானா வந்துடுச்சு!” என்றார். எனக்கு அது நூறு நட்சத்திரம்.

நோன்பு மாதம் வந்தது. பெருநாள் நெருங்க நெருங்க ஆர்டர் குவிந்தது. அக்கா அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. அவருடைய நாத்தனார் பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அது துப்புகிற ஸ்டிக்கரை ஒட்டி, சீட்டை உள்ளே வைத்து, ஆட்டோவில் ஏற்றி விட்டார். பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

“தங்கச்சி, உன் மூணு வரி ஒரு குடும்பத்த ரெண்டாக்கிடுச்சு.”

விளக்கமாகச் சொன்னார். குவைத்தில் வேலை செய்யும் ஒருவர் இரண்டு பெட்டி அனுப்பியிருக்கிறார். ஒன்று மனைவிக்கு, ஒன்று அம்மாவுக்கு. மனைவி போன வருஷம் கட்டிய புது வீட்டில் இருக்கிறார். அம்மா இரண்டு தெரு தள்ளிப் பழைய வீட்டில் இருக்கிறார். இரண்டு பெட்டியும் அம்மா வீட்டுக்கே போய்விட்டன. மனைவிக்கு ஒன்றுமில்லை. அது பரவாயில்லை, மனைவிக்காக எழுதிய சீட்டும் அம்மா கைக்குப் போய்விட்டது.

“சீட்டுல என்னக்கா எழுதியிருந்தாரு?”

“அதான் தங்கச்சி எங்க யாருக்கும் தெரியல. நாத்தனா படிக்காம வச்சுட்டா. அவரும் சொல்ல மாட்டேங்கிறாரு. ஆனா அந்தம்மா தெருப் பூராக் காட்டிட்டாங்களாம்.”

கணினியைத் திறந்து பார்த்தேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த மனிதர் முதலில் மனைவிக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, அதே போனிலிருந்து அம்மாவுக்குப் போட்டிருக்கிறார். ஒரு நம்பர், ஒரு ஆள், ஒரு முகவரி. லேசு இரண்டாவது முகவரியை வாங்கி முதல் முகவரியின் மேல் எழுதிவிட்டது. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. அதைத் திட்டவும் முடியவில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். மனைவிக்கான ஆர்டரில் சீட்டுக்கான நாலு வரியும் நிரம்பியிருந்தது. அம்மாவுக்கான ஆர்டரில் அந்த இடம் காலி. அடுத்தவர் சீட்டைப் படிக்கக் கூடாது என்று அந்த வரிகளை மட்டும் பார்க்காமல் மூடினேன். பாதி பார்த்துவிட்டேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

பஸ் ஏறி, பெரம்பலூரில் இறங்கி, திட்டக்குடி பஸ் பிடித்து லப்பைக்குடிக்காடு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அக்கா காலையிலேயே புதிதாக ஒரு தம்ரூட் போட்டுப் பெட்டி கட்டி வைத்திருந்தார். இருவரும் அந்தப் புது வீட்டுக்கு நடந்தோம்.

மனைவிக்கு முப்பது வயதுகூட இருக்காது. வாசலில் எங்களைப் பார்த்ததும், கையிலிருந்த போனைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். திரையில் ஒரு மனிதர், வேலைச் சட்டையோடு, ஏதோ ஒரு குடோனின் மூலையில் நின்றுகொண்டிருந்தார்.

“இந்தா, கடைக்கார அக்காவே வந்துட்டாங்க. இப்ப சொல்லுங்க” என்றார் மனைவி.

“அக்கா, நீங்களே சொல்லுங்கக்கா, நான் ரெண்டு பெட்டிக்குத்தானே காசு கட்டுனேன்?” என்றார் திரையிலிருந்தவர்.

“ரெண்டு பெட்டி அனுப்புனீங்க. ரெண்டும் உங்கம்மாவுக்கு” என்றார் மனைவி.

நான் முன்னால் போய், தப்பு என்னுடையது, நிரலில் பிழை என்று ஆரம்பித்தேன். ஒரு நம்பருக்கு ஒரு முகவரி என்று எழுதியிருந்தேன் என்று விளக்கினேன். திரையிலிருந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வாழ்க்கையில் என் நிரல் பிழையைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“நீங்கதானா அது! அல்லா உங்கள நல்லா வைக்கணும். இன்னொரு தடவ சொல்லுங்க, சத்தமா சொல்லுங்க!”

சத்தமாகச் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டார். பிறகு, “சரி, நம்பறேன். சீட்டுல என்ன எழுதுனீங்க?” என்றார்.

திரையிலிருந்தவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“அது… அப்புறமா சொல்றேனே.”

“அப்புறமா எதுக்கு? மாமி தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியக் கூடாதா?”

“இத்தன பேரு முன்னாடி எப்படி…” என்று இழுத்தவர், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டார். மனைவி புதுப் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு செருப்பு மாட்டினார்.

“வாங்க, போய் என் சீட்ட வாங்கிட்டு வருவோம்.”

இரண்டு தெரு தூரம். வழியில் மிச்சக் கதையையும் சொன்னார். புது வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போவது குறைந்துவிட்டது. சண்டை என்று எதுவுமில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று இவர் இருந்தார், தானாக வரட்டும் என்று அவர் இருந்தார். அப்படியே மாதங்கள் போய்விட்டன.

“முந்தாநேத்து மாமி புதுச்சேல கட்டி போட்டோ எடுத்து இவருக்கு அனுப்பியிருக்காங்கக்கா. பெருநாளுக்கு எடுத்த சேல! பெருநாளே இன்னும் வரல. எதுக்குன்னு இவருக்கும் புரியல, அழகா இருக்கீங்கம்மான்னு பதில் போட்டிருக்காரு. அன்னிக்கு ராத்திரி என்கிட்ட, ஒன் போட்டோ எங்கன்னு கேக்கறாரு. என்ன போட்டோங்கறேன் நான்.”

அக்கா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்காமல் மூடிய சீட்டின் பாதி எனக்குத் தெரியுமே.

மாமியார் வாசலிலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மருமகளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே கூட்டிப் போனார். அவர்கள் மூவருக்கும் நோன்பு. எனக்கு மட்டும் டீ போடுகிறேன் என்று கிளம்பியவரைத் தடுத்து உட்கார வைக்க நேரம் பிடித்தது. கண்ணாடி அலமாரியில் பீங்கான் தட்டுகளுக்கு நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி அந்தச் சீட்டு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் பிரிண்டரின் எழுத்து. இப்போது முழுதாகப் படித்தேன்.

‘நீ பக்கத்துல இல்லாத பெருநாள் எனக்குப் பெருநாளே இல்ல. கோவிச்சுக்காத, அடுத்த வருசம் வந்துடறேன். உன் மொகமே கண்ணுக்குள்ள நிக்குது. புதுச்சேல கட்டி ஒரு போட்டோ அனுப்பு.’

பெயர் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற நாலு வரி.

“பாத்தீங்களா, என் மவன் எழுதுனது” என்றார் மாமியார் என்னிடம். “பத்து வருசமா சபர்ல இருக்கான். போன் பண்ணுவான். நல்லாருக்கீங்களாம்பான், மாத்திர சாப்ட்டீங்களாம்பான், வச்சுடறேன்பான். இப்படி ஒரு வார்த்த பேசுனதில்ல. சின்ன வயசுல என்னய வா, போன்னுதான் கூப்புடுவான். பெரியவனானப்புறம்தான் வாங்க, போங்கன்னு தள்ளிப் போனான். இதுல பழையபடி ‘நீ’ன்னு எழுதியிருக்கான்.”

நான் கையிலிருந்த பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு எப்படிப் பிழை திருத்துவது? அக்கா கூரையில் ஏதோ இருப்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் சீட்டைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். காது நுனி சிவந்துபோனது. வாங்க வந்த பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“நல்லா எழுதியிருக்காங்க மாமி. போட்டோவும் நல்லா வந்திருக்குன்னு சொன்னாங்க” என்றார்.

அவ்வளவுதான். சீட்டைத் தொடவில்லை.

மாமியார் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். கட்டியிருந்த நூல்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

“ரெண்டு பொட்டி வந்தப்பவே தெரியும், ஒண்ணு ஒன்னோடதுன்னு. நான் ஒருத்தி ரெண்டு பொட்டி தின்னுவேனா? நீ வந்து கேப்பேன்னு வச்சிருந்தேன். எடுத்துக்க.”

“தெரிஞ்சேதானா மாமி?” என்றார் மருமகள். குரலில் கோபமும் சிரிப்பும் கலந்திருந்தன. “அப்ப அந்தச் சீட்டும்…”

“சீட்டு என்னோடது” என்றார் மாமியார். “அது மேல பேரு ஒண்ணும் எழுதலியே.”

மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் மாமியாரும் சிரித்தார். நோன்பு திறக்க இங்கேயே இரு என்று அவர் சொல்ல, மருமகள் அக்காவிடம் புது வீட்டுச் சாவியைக் கொடுத்து, மேசையில் இருக்கிற பெட்டியை எடுத்து வரச் சொன்னார். ஆக, கடைசியில் மூன்று பெட்டியும் அதே வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. நிரலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வீட்டுக்கு வந்து கையேட்டில் அந்த அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். பணம் கொடுப்பவர், பெறுபவர், முகவரிகள். ஒவ்வொரு வகைக்கும் பின்னால் எங்கேயோ ஒரு மாமியாரும் மருமகளும் சண்டை போட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு நாள் உட்கார்ந்து லேசுவைத் திருத்தினேன். பணம் கொடுப்பவர் தனி, பெறுபவர் தனி. ஒருவர் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பழையதன் மேல் புதியதை எழுதுவதில்லை. மூன்று வரி ஏழு வரி ஆனது. கணவர் எண்ணிப் பார்த்தார். ‘சரி’ கூடச் சொல்லவில்லை. அதுதான் அவர் பாராட்டு.

பெருநாள் கழிந்து சில வாரத்தில் குவைத்திலிருந்து எனக்கே ஒரு குரல் பதிவு வந்தது. அக்காவிடம் நம்பர் வாங்கியிருக்கிறார்.

“சிஸ்டர், ஒரு சின்ன உதவி. இப்பல்லாம் பெட்டி அனுப்புனா ரெண்டு பேருக்கும் சீட்டு எழுத வேண்டியிருக்கு. அம்மா எதிர்பாக்கறாங்க. நாலு வரியில ஒரு வரி கொறஞ்சாலும் போன்ல கேக்கறாங்க. வூட்டுல அவ, அம்மாவோட சீட்டையும் வாங்கிப் படிச்சுப் பாத்துடறா. நான் பொழுதன்னைக்கும் குடோன்ல மூட்ட எண்ணறவன் சிஸ்டர், எனக்கு எம்புட்டு வார்த்த வரும்? ஒருத்தருக்கு எழுதுனா, கொஞ்சம் மாத்தி இன்னொருத்தருக்கும் அதுவே எழுதிக்கற மாதிரி ஒரு பட்டன் வச்சுத் தர முடியுமா?”

அரை மணி நேர வேலை. அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

“வைக்காத தங்கச்சி” என்றார் அக்கா. “கஷ்டப்பட்டு எழுதட்டும்.”

கையேட்டில் அப்படி ஒன்று இல்லை என்று குவைத்துக்குப் பதில் அனுப்பிவிட்டேன்.